கோடு வராத பெட்டி

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். முந்தாநாள் சாயங்காலம் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் டி.வி.யை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார். என் மேசைமேல் இருந்த பழைய ஸ்கோப்பைத் தூசி தட்டலாம் என்று பாப்பா தனியாக இழுத்திருக்கிறாள். அவள் செய்தது அவ்வளவுதான். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கிய கையை அவள் பார்த்துவிட்டாள். "ஒரு பழைய பொட்டிக்கு இம்புட்டுக் கோவமாப்பா?" என்று தம்பி கேட்டான். அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். பதில் இதுதான். கொஞ்சம் நீளம். நான் ஐ.டி.ஐ. வரைக்கும் படித்து மோட்டார் காயில் கட்டுகிறவன். எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காமல் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேவாரத்துப் பாட்டி என்று கூப்பிடுகிறவர், தேவாரம் ஊரிலிருந்து நிலக்கடலை மூட்டையோடு வந்து பஸ்சை விட்டு இறங்கி ஆட்டோக்காரனோடு வாடகைக்குச் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறவர், எனக்கு அத்தை. என் அப்பாவின் தங்கை. நம் வீட்டுக்கு வருவார், கோவிலுக்கு வருவார், சந்தைக்கு வருவார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெரியப்பா வீட்டு வாசலை மட்டும் மிதிக்க மாட்டார். பெரியப்பா, அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். கூடப் பிறந்த அந்த அண்ணனிடம் அத்தை இருபத்தெட்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கு அப்போது பதினோரு வயது, அத்தைக்கு இருபத்துமூன்று. தேனி ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்து முடித்திருந்தார். வகுப்பிலேயே அவர் ஒருவர்தான் பெண். வேலைக்குப் போகவில்லை, போகவிடவில்லை. அதனால் வீட்டிலேயே பழைய கருவிகளை வாங்கிப் பிரித்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். ரேடியோ, டி.வி. இல்லை. அவற்றைச் சோதித்துப் பார்க்கிற கருவிகள். முள் ஆடும் மீட்டர், வால்வு சோதிக்கிற பெட்டி, இந்த மாதிரி. காசுக்காக இல்லை, யாரும் கேட்டும் இல்லை. செத்துக் கிடந்த மீட்டரில் முள் எழுந்து நின்றால் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதற்காகத்தான். "அடுப்பு ஊதுற வயசுல ஈயத்தை ஊதுறா" என்பார் பெரியப்பா. ஈயம் பற்றவைக்கும்போது எழுகிற புகையைத்தான் அப்படிச் சொல்லுவார். வீடே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில் என் மேசைமேல் இருப்பது மாதிரி ஒரு ஸ்கோப்பை அத்தை பிடித்தார். பாப்பாவுக்குத் தெரியும், தம்பிக்காகச் சொல்கிறேன்: மின்சாரம் கம்பிக்குள் எப்படித் துள்ளுகிறது என்று ஒரு வட்டக் கண்ணாடியில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. ஒன்றையும் இணைக்காமல் சும்மா போட்டால் நேர்கோடு வரும். அந்தக் கோடு வந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அத்தை வாங்கியதில் கோடு வரவில்லை. உள்ளே இருந்த வால்வுகளில், பல்பு மாதிரிச் சிவந்து எரிகிற கண்ணாடிக் குழல்களில், பாதிகூட எரியவில்லை. ஒரு எலி அதற்குள் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

ஒன்பது மாதம். சரிபார்க்கும் புத்தகம் கிடையாது. ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டு, எங்கிருந்து எங்கே போகிறது என்று நாற்பது பக்க நோட்டில் அத்தை தானே படம் வரைந்துகொண்டார். முதலில் கண்ணால் பார்ப்பார், அப்புறம் மோந்து பார்ப்பார், அதற்கப்புறம்தான் மீட்டரை வைப்பார். "மூக்குக்குத் தெரியுறது மீட்டருக்குத் தெரியாது, மாப்ளே" என்று என்னிடம் சொல்லுவார். காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றினார். பூஞ்சை பிடித்த சுவிட்சுகளைப் பெட்ரோலில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். ஒரு பழுதைத் தீர்த்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டு இருக்கும். அவர் சலிக்கவில்லை. வீட்டிலிருந்தவர்கள்தான் சலித்துப்போனோம்.

இதற்கு நடுவில் அத்தை கோயம்புத்தூருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இந்த மாதிரிக் கருவிகளைச் சரிபார்க்கிற சின்னப் பட்டறை அங்கே இருந்தது. "வாருங்கள், வேலை இருக்கிறது, பக்கத்திலேயே பெண்கள் விடுதியும் இருக்கிறது" என்று பட்டறைக்காரர் பதில் போட்டுவிட்டார். வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது நாள் பெரியப்பா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரித்தா. ஓம்போக்குக்கே வர்றேன். அந்தப் பொட்டில கோடு வரட்டும். வந்துச்சுன்னா நானே ஜீப்புல கொண்டுபோய் கோயமுத்தூர்ல விட்டுட்டு வர்றேன். தையிக்குள்ள வரலைன்னா, பேசி வச்சிருக்கிற தேவாரத்து மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டிரணும். பேச்சு ஒண்ணுதான்."

எவ்வளவு நியாயமான பேச்சு என்று அப்பா தலையாட்டினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரியப்பாவை அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அத்தை ஒன்றும் சொல்லாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

போடிமெட்டுக்கு மேலே அப்போது நமக்கு நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. காய் எடுக்கும் காலம் வந்ததும் பெரியப்பாவும் அத்தையும் மேலே போய்விடுவார்கள். பறித்த பச்சைக்காயை எடை போட அத்தையை விட்டால் நம்பிக்கையான ஆள் கிடையாது. அதற்கு மட்டும் படித்த பிள்ளை வேண்டும். ஸ்கோப்பைக் கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார் அத்தை. காலாண்டு லீவுக்கு நானும் தொற்றிக்கொண்டேன்.

மேலே போன மறுநாள் மத்தியானம் கோடு வந்தது.

நான் பார்த்தேன். அத்தையும் நானும் மட்டும்தான் பார்த்தோம். வட்டக் கண்ணாடியில் முதலில் ஒரு பச்சைப் புள்ளி, அப்புறம் அது இரண்டு பக்கமும் நீண்டு வாழை நார் மாதிரி ஒரு கோடு. அத்தை என் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வர நான் எழுந்து ஓடுவதற்குள் உள்ளே எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்தது போல் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கோடு சுருங்கிப் புள்ளியாகி அணைந்துவிட்டது. பெரியப்பா வந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ம், தெரியுது, என் மீசை" என்று சொல்லிப் போனார்.

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் அதைக் கவனித்தார். மழை விட்டுக் கொஞ்சம் வெளுத்த மத்தியானங்களில் கோடு ஒரு நிமிஷம் நிற்கிறது. மூடுபனி இறங்குகிற காலையில் வரவே மாட்டேன் என்கிறது. "ஈரம், மாப்ளே. பெரிய கரண்டு சுத்துற காயில்ல, அந்தக் கம்பிச்சுருள்ல, ஈரம் ஏறிக் கெடக்கு. காஞ்சா நிக்கும்." ஆனால் அந்த மாதத்தில் மேலே வெயில் ஏது? துவைத்த துணியே நாலு நாளைக்குக் காயாது.

ஏலக்காய்க்காரர்களுக்கு ஈரம் என்றால் ஒரே மருந்துதான் தெரியும். ஸ்டோர். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, வெளியே விறகு எரித்து, குழாய் வழியாக உள்ளே சூட்டைவிட்டுக் காயவைக்கிற அறை. மேலே இருக்கிறவர்கள் நனைந்த போர்வை, பாடப்புத்தகம், ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு எல்லாவற்றையும் அதில்தான் காயவைப்பார்கள். அத்தையும் அதைத்தான் நினைத்தார். மூடிகளையெல்லாம் கழற்றிவிட்டு, குழாய்க்குத் தூரமாக அடித்தட்டு மூலையில் ஸ்கோப்பை வைத்தார். பெரியப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

"அண்ணே, மொதச் சூடு எம்புட்டு நேரம் வேணாலும் இருக்கட்டும். கடைசிச் சூடு ஏத்துறதுக்கு முன்ன பொட்டிய வெளிய எடுத்துரணும். கம்பிச்சுருள்ல பூசுன மெழுகு உருகிரும்."

"எடுத்துருவோம்த்தா. நீ போய்ச் சோலியப் பாரு."

கடைசிச் சூடு என்பது காய் முக்கால்வாசி காய்ந்தபிறகு அடுப்பைத் தூண்டி ஏற்றுகிற பெரிய சூடு. அதை ஏற்றிவிட்டால் இறக்குகிற வரைக்கும் ஸ்டோர்க் கதவைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் குளிர் அடித்துக் காயின் பச்சை போய்விடும் என்பது சட்டம். யார் போட்ட சட்டம் என்று தெரியாது.

மறுநாள் அத்தை மேல்காட்டில் எடை போடப் போய்விட்டார். பதினோரு மணி வாக்கில் பெரியப்பா அடுப்பில் பெரிய கட்டைகளாகத் தள்ளுவதைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது.

"பெரியப்பா, அத்தை பொட்டி உள்ள இருக்கு."

"தெரியும்டா."

"எடுக்கணும்னாங்கல்ல?"

"மறந்துட்டேன். இப்பத் திறந்தா காய் வெளுத்துப்போகும். பொட்டி எங்குட்டும் ஓடிப்போகாது. போடா அங்குட்டு."

"மெழுகு உருகிரும் பெரியப்பா!"

"உருகட்டும். நீ ஏன்டா உருகுற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒன்பது மாதம், நாற்பது பக்க நோட்டு, அந்த வாழை நார்க் கோடு எல்லாவற்றையும் இந்த மனிதர் 'மறந்துட்டேன்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழுகிறோமே என்று இன்னும் கோபம் வந்தது. விறகு ஏற்றிவந்த ஜீப்பு சகதியில் மாட்டிக்கொண்டது என்று யாரோ கூப்பிட, பெரியப்பா கீழே இறங்கிப் போனார்.

நான் கதவைத் திறந்தேன்.

சூடு முகத்தில் அறைந்தது. ஏலக்காய் வாடை கண்ணை எரித்தது. குனிந்து அடித்தட்டுக்குப் போய்ப் பெட்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். கைப்பிடி கொதித்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுற்றிப் பிடித்திருக்கலாம். அந்தப் புத்தி கோபத்தில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். தட்டின் விளிம்புக்கு வந்ததும் பெட்டி சரிந்து, ஒரு முழ உயரத்திலிருந்து பின்பக்கமாகத் தரையில் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம், சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அதைவிட மெல்லிசாக.

அது என்ன சத்தம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, பிள்ளைகளே. சூட்டில் ஆவி வருகிறது என்று நினைத்தேன். சத்தியமாக. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் தெரிந்தது. என் மேசையில், எதற்கும் ஆகாத ஒரு ஸ்கோப்பிலிருந்து படக்குழாயை, கோடு காட்டுகிற அந்த வட்டக் கண்ணாடிக் குழாயை, உருவும்போது அதன் கழுத்து ஒடிந்தது. அதே 'புஸ்'. படக்குழாய்க்குள் காற்றே இருக்கக்கூடாது. கழுத்து ஒடிந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்கிற சத்தம் அது. கழுத்துக்குள் வெள்ளி பூசியது போல் ஒரு பொட்டு இருக்கும். காற்றுப் பட்டதும் அது பால் மாதிரி வெளுத்துவிடும். அதற்குப்பின் அந்தக் குழாய் பிணம். அன்றைக்கு நான் சாப்பிட வராததற்கு உங்கள் அம்மா என்னைத் திட்டினாள். பசிக்கவில்லை என்று சொன்னேன்.

ஸ்டோருக்குத் திரும்புகிறேன். பெட்டியை வாசல்வரை இழுத்ததும் பயம் வந்துவிட்டது. கதவு திறந்திருக்கிறது, காய் வெளுத்துவிடும், பெரியப்பா தோலை உரிப்பார். திரும்பவும் உள்ளே தள்ளி, எப்படியோ தூக்கித் தட்டில் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு ஓடைக்கு ஓடினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். யார் கண்ணிலும் படாமல் கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு இறக்கிய காய் கொஞ்சங்கூட வெளுக்கவில்லை. அந்த வருஷத்திலேயே நல்ல பச்சை என்று பெரியப்பா ஆளுக்கு ஆள் காட்டினார்.

அத்தை வந்து, கடைசிச் சூடு முடிந்தும் பெட்டி உள்ளேயே இருப்பதைப் பார்த்ததும் போட்ட சத்தத்தில் பறிப்புக்காரப் பெண்களெல்லாம் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"எடுத்துருவோம்னியேண்ணே! உன் காயி ஒரு தட்டுக் கருகுனா ஊரையே கூட்டுவியே!"

"கத்தாதத்தா. இரும்புதான, என்ன ஆகப்போகுது?"

"இரும்பாம் இரும்பு! உன் தலைக்குள்ளதான் இரும்பு!"

பெரியப்பாவை அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு கேள் அத்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் முழுக்க அத்தை பெட்டியை ஆறவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் கீழே போடி வீட்டிலிருந்து வந்திருந்தார். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்று பெரியப்பா குளித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால், கோடு வரட்டும் என்று அவரும் நினைத்தார் என்றுதான் இப்போது படுகிறது. அத்தை சுவிட்சைப் போட்டார். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. 'ஸ்ஸ்ஸ்' சத்தம் இல்லை. ஈரம் போய்விட்டது, அத்தை சொன்னது சரி. ஆனால் கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. திருகுகளைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சரி, எடுத்து வையித்தா" என்றார் பெரியப்பா. அதட்டலாகச் சொல்லவில்லை. "தையில பேசிருவோம்."

அத்தை கேட்ட மாதிரியே தெரியவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, படக்குழாயைச் சுற்றியிருந்த தகட்டைத் திருப்புளியால் தளர்த்தினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்புறம் தகட்டைத் திரும்ப முடுக்கினார், ஒவ்வொரு திருகாக, அவசரமே இல்லாமல். நிமிர்ந்து, அண்ணன் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"சூடு தாங்கலை."

பெரியப்பாவிடம் அத்தை பேசிய கடைசிச் சொல் அதுதான்.

தையில் கல்யாணம். பெரியப்பா காலில் விழச் சொன்னார்கள், விழுந்தார். வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா சீராக ஒரு கலர் டி.வி. வாங்கி வைத்து, "கோடு என்னத்தா கோடு, படமே வரும் பாரு" என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். அந்த டி.வி. தேவாரத்தில் பூப்போட்ட துணி மூடியபடி பத்து வருஷம் இருந்தது. நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அதன் பிளக்கு சொருகியிருந்து பார்த்ததில்லை. மாமா நல்லவர்தான், குடி கிடையாது, கை நீட்டமாட்டார். ஆனால் ஆனை இறங்கி மிதித்த சோளத்தை நிமிர்த்துவதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், மூன்று பிள்ளைகளும் என்று ஆனபிறகு அத்தை ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கையில் எடுக்கவில்லை. சூட்டுக்கோல், மீட்டர், நோட்டு எல்லாம் நம் வீட்டுப் பரணிலேயே கிடந்தன. பதினைந்து வயதில் அவற்றை நான் இறக்கிக்கொண்டேன். என் மேசையைப் பார்த்து 'கைராசிக்காரர்' என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் கைக்குள் இருப்பதெல்லாம் அத்தையின் சாமான்.

பெரியப்பாமேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் ஜீப்பில் ஏறமாட்டேன், கீழே இறங்க வேண்டுமென்றால் பஸ்சுக்கு நடந்துபோவேன். தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்த சட்டையை நாய்க்குப் படுக்கப் போட்டேன். பொட்டியை அவித்துக் கொன்றவர், அத்தை பிழைப்பைக் கெடுத்தவர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். உங்கள் அம்மாவிடம், பெண் பார்க்கப் போன அன்றைக்கே இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நான் இழுத்ததை மட்டும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் கொப்புளம் காய்கிறவரை கரண்டியால் சாப்பிட்டேனே, அது ஏன்?

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்தபிறகும் வாயைத் திறக்கவில்லை. அத்தையைப் பார்த்தால் சொல்ல வரும், அடக்கிக்கொள்வேன். பெரியப்பாவைத் தெருவில் பார்த்தால் இன்னும் கோபம்தான் வரும். தப்பு என்னுடையது என்று தெரிந்தபிறகு அவர்மேல் எப்படிக் கோபம் வரும் என்று கேட்காதீர்கள். வரும். கடையில் வேலை செய்கிற பையனைத் திட்டினேன், உங்கள் அம்மாவைத் திட்டினேன், கடைசியில், அன்றைக்கு நான் இழுத்த மாதிரியே பெட்டியை இழுத்த பாப்பாவிடம் கை ஓங்கினேன்.

அதனால்தான் நேற்றுக் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை களத்தில் கடலைச் செடியை உதறிக்கொண்டிருந்தார். "வா மாப்ளே, என்ன காலங்காத்தால? பிள்ளைக நல்லா இருக்கா?" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். கதவைத் திறந்தது, இழுத்தது, 'புஸ்', திரும்ப உள்ளே தள்ளியது. அத்தை கடலை உதறுவதை நிறுத்தவே இல்லை.

"முடிஞ்சுச்சா?" என்றார்.

"அத்தை..."

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா. தகட்டைக் கழட்டிப் பார்த்தா கழுத்துல விரிசல், பொட்டு பாலா வெளுத்துக் கெடக்கு. சூட்டுல கழுத்து ஒடியுமா? ஐ.டி.ஐ. படிச்சவனே, நீ சொல்லு. இந்தப் பக்கம் பார்த்தா நீ பைக்குள்ள கைய வச்சுக்கிட்டு நிக்குற. ரெண்டு நாளாக் கரண்டியில சோறு. எனக்கு மோப்பம் தெரியாதா?"

"பெறகு ஏன் பெரியப்பா மேல பழியப் போட்டீங்க? இருபத்தெட்டு வருசமா அவரோட பேச்சு இல்லாம..."

அப்போதுதான் செடியைக் கீழே போட்டார். அத்தை முகம் அன்றைக்கு ஸ்டோர் வாசலில் இருந்த மாதிரியே இருந்தது.

"பொட்டி ஒடஞ்சதுக்கா அவனோட பேசாம இருக்கேன்? பொட்டி ஒடஞ்சா இன்னொரு குழாய் வாங்கி மாட்டிருப்பேன்டா. வேலைக்கு வான்னு கூப்புட்டவரே கோடு வேணும்னு கேக்கலை. இவன் கேட்டான். கோடு வந்தாத்தான் போகலாம்னு சொன்னான்ல, நாற்காலியப் போட்டு ஒக்காந்து? அன்னைக்குப் பேச்சை நிறுத்தலாம்னு இருந்தேன். பொட்டி முடியட்டும்னு பொறுத்தேன். உங்கப்பன் தலையாட்டுனான். நீயும்தான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன."

நான் களத்து ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"உன்னையச் சொல்லியிருந்தா உன்னைய அடிச்சிருப்பாங்க. என்னைய அனுப்பியிருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் செடியை எடுத்து உதற ஆரம்பித்தார். "கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ. வெரசா போகணும்னா பத்தரைக்கு ஒரு பஸ்சு."

கஞ்சி குடித்தேன். பத்தரை பஸ்சுக்கு நடந்தேன்.

அந்த நாற்காலிப் பேச்சை நான் நியாயம் என்று நினைத்துத்தான் வளர்ந்தேன். பதினோரு வயதில் மட்டும் இல்லை, நேற்று வரைக்கும். பெரியப்பா பேச்சை மீறிவிட்டார், நான் பெட்டியை உடைத்துவிட்டேன், இவ்வளவுதான் பழுது என்று நினைத்தேன். அதற்கு முன்னாலேயே ஒரு பழுது இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

பாப்பா, மதுரையில் பத்து நாள் அறிவியல் முகாமுக்குப் போக உன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளில், "அரையாண்டுல கணக்குல தொண்ணூறு எடு, அப்பறம் பாப்போம்" என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தேவாரம் பஸ் நிறுத்தத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவி, கையெழுத்துப் போட்டேன்.